புண்ணுக்குப் பழி பட்டினி மேல்

காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடும் பிள்ளையை நம் வீடுகளில் ஒரே வார்த்தை சொல்லி மிரட்டுவார்கள்: "நேரத்துக்குச் சாப்பிடு, அல்சர் வந்துரும்." பசித்த வயிற்றில் சுரக்கும் அமிலம் குடலை அரித்துவிடும், காரம் அதைக் கிளறும், கவலை வளர்க்கும், பால் ஆற்றும் என்று தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். நேரத்துக்குச் சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் புண்ணுக்குக் காரணம் பட்டினி என்று முடிவு கட்டிவிட்டதால், உண்மையான காரணத்தைத் தேடாமலே பலர் வருடக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

பட்டினியிலிருந்தே தொடங்குகிறேன். முன்சிறுகுடலில் புண் உள்ளவருக்கு வயிறு காலியானதும் வலிக்கும். நடுராத்திரியில் வலி எழுப்பிவிடும். இரண்டு வாய் சாப்பிட்டால் அடங்கும். இதைப் பார்த்துத்தான் பசியே புண்ணைக் கொண்டுவருகிறது என்று நினைத்துவிட்டோம். வெறும் வயிறு ஏற்கெனவே இருக்கும் புண்ணைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அமிலத்தைத் தாங்கத்தான் இரைப்பையின் உட்சுவர் கோழைப் படலத்தைப் போர்த்தியிருக்கிறது. அந்தப் படலம் ஏன் பலவீனப்படுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அதற்கு விடை கிடைத்தது. நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரன், இரைப்பைத் திசுவில் வளைந்த கிருமிகளை 1979இல் கவனித்தார். அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். அந்தக் கிருமியை வளர்க்க முயன்று முயன்று தோற்றார்கள். இரண்டு நாளில் தூக்கி எறியப்படும் வளர்ப்புத் தட்டு, 1982 ஈஸ்டர் விடுமுறையில் கூடுதல் நாள்கள் அப்படியே கிடந்தது. அதில் கிருமி வளர்ந்திருந்தது. அப்போதும் பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. திசுவை எடுத்துப் பார்த்தபோது இரைப்பையில் கடும் அழற்சி. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியையும் புண்ணில் அதன் பங்கையும் கண்டுபிடித்ததற்காக இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி உள்ள எல்லோருக்கும் புண் வருவதில்லை, சிறு பகுதியினருக்குத்தான் வருகிறது. ஆனால் இரைப்பைப் புற்றுநோய்க்கும் இது ஒரு காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே அறிவித்துவிட்டது.

அடுத்த காரணம் நம் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கிறது. மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள், இரைப்பைச் சுவரைக் காக்கும் பொருளின் உற்பத்தியையே தடுக்கின்றன. "ஊசியாப் போட்டுக்கிட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்பதும் தவறு. ஊசியில் போனாலும் மருந்து ரத்தத்தில் கலந்து அதே வேலையைத்தான் செய்யும். வயதானவர்கள் மாதக்கணக்கில் இதைச் சாப்பிட்டு, திடீரென்று ரத்த வாந்தியோடு மருத்துவமனைக்குப் போவது தடுக்கக்கூடிய துயரம். இதயத்துக்காக மருத்துவர் தந்த ஆஸ்பிரினை மட்டும் யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. அவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

காரத்தின் மீதான பழிக்கு ஆதாரம் இல்லை. சிங்கப்பூரில் மிளகாய் அதிகம் சாப்பிடும் மலாய்க்காரர்களையும் இந்தியர்களையும் விடச் சீனர்களுக்கே வயிற்றுப் புண் அதிகம் காணப்பட்டது. காரம் எரிச்சல் தரும். எரிச்சலாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். கவலைக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் இரைப்பைப் புண் நோயாளிகள் கூடினார்கள். ஆனால் "டென்ஷன்தான்" என்று அதோடு விட்டுவிட்டால் கிருமி உள்ளேயே இருக்கும். பால் சற்று நேரம் இதமாக இருக்கும், பிறகு அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டும்.

இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது, "காலையில ஒரு கேஸ் மாத்திரை போட்டாப் போதும்" என்ற நம்பிக்கை. பேன்டோப்ரசோல் போன்ற மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது, புண்ணும் ஆறுகிறது. கிருமி போகாததால் மாத்திரையை நிறுத்தியதும் புண் திரும்ப வரலாம். புற்றுநோயின் தொடக்க அறிகுறிகளைக்கூட இந்த மாத்திரை மறைத்துவிடலாம். கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்துச் சமாளித்த நெஞ்சுவலி மாரடைப்பாக இருந்த கதை எந்த ஊரில் இல்லை? வியர்வையோடு நெஞ்சு அழுத்தினால் முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

கறுப்பாகத் தார்போல மலம் போவது, காரணமின்றி எடை குறைவது, விழுங்க முடியாமை, ரத்தசோகை இருந்தால், அல்லது ஐம்பதைத் தாண்டிய வயதில் புதிதாக வயிற்றுத் தொல்லை வந்தால், குடல்நோய் மருத்துவரிடம் போய் எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொள்ள வேண்டும். தொண்டையை மரக்கவைத்து விரல் பருமனுள்ள குழாயை விட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த வசதி இருக்கிறது. "எனக்கு அல்சர்" என்று சொல்லிக்கொள்பவர்களில் பலருக்கு உள்ளே புண்ணே இருக்காது, அவர்களுக்கான சிகிச்சை வேறு.

கிருமி இருந்தால் இரண்டு வாரம் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் தருவார்கள். வாய் கசக்கும், வயிறு புரட்டும். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை கொல்வது கடினம். முடித்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, சோதனைக்கு முந்தைய இரண்டு வாரம் அமிலம் குறைக்கும் மாத்திரையையும் மருத்துவர் சொன்னபடி நிறுத்திவிட்டு, மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்தால்தான் கிருமி ஒழிந்ததா என்று தெரியும். வலி நின்றுவிட்டதே என்று பலர் இந்தச் சோதனைக்குப் போவதில்லை. மருத்துவர் எழுதித்தராவிட்டால் நாமே கேட்டு வாங்க வேண்டும்.