கதவடைப்பும் வாரக் கூலியும்

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. கடைகளை அடைத்து வீடு சேர்ந்தோம். மறுநாள் ஞாயிறு. நம் வீடுகளில் அரிசி, பருப்புக்குக் குறைவில்லை. சுமை தூக்கும் தொழிலாளி வீட்டிலோ, சனிக்கிழமை கூலி கைக்கு வராவிட்டால் ஞாயிறு அடுப்பு எரியாது. தெருமுனை மளிகைக் கடையின் கடன் நோட்டுத்தான் துணை.

வணிகப் பெருமக்களே! கலவரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கதவை இழுத்து மூடுமுன் கூலியைக் கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிடுவோம். பின்வாசலில் வந்து நிற்பவர் எந்த மதத்தவர் என்று பாராமல், நேற்றைய விலைக்கே சரக்குக் கொடுப்போம். மொத்த வியாபாரிகளாகிய நாம் சில்லறைக் கடைகளுக்கு ஒரு வாரம் கூடுதல் தவணை தருவோம். பதற்றம் சில நாளில் தணியும். அன்று வாங்கிய விலையை வாடிக்கையாளர் மறக்கமாட்டார்.