உறுதி இல்லாதவருக்கு நட்டமும் இல்லையா?

2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயல் 600க்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டது. மலைநாடு அதில் பட்ட பாட்டை விவரிக்கப் போவதில்லை; படங்களில் எல்லோரும் பார்த்தாயிற்று. பின்னால் வந்த நிவாரணத்தைப் பற்றியே எனக்குப் பேச்சு.

முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம், நெல்லும் சோளமும் செய்தவருக்கு ஹெக்டேயருக்கு 1,50,000 ரூபா என்று அரசாங்கம் டிசம்பரில் அறிவித்தது. தாராளந்தான். ஆனால் ஹெக்டேயர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் படிப்பிக்கும் தோட்டத்தில் ஹெக்டேயர் கணக்கில் நிலம் வைத்திருப்பது கம்பனி மட்டுமே. மற்றவர்கள் லயத்துக்குப் பின்னால், பீலிக்கரைச் சரிவில், பத்துப் பதினைந்து பேர்ச் கொத்தி லீக்ஸும் கோவாவும் கிழங்கும் போடுகிறவர்கள். அந்தச் சரிவுதான் முதலில் வழுக்கிக்கொண்டு போனது.

வகுப்பில் செய்வதுபோல் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய 395 பேர்ச். நெல்லுக்குச் சொன்ன வீதத்தையே வைத்தால் 15 பேர்ச்சுக்கு வருவது 5,700 ரூபா. மரக்கறிக்குக் கொஞ்சம் கூட்டியே கொடுக்கட்டும். 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம், வரவுக் கொடுப்பனவோடு சேர்த்து 1,750 ரூபா. ஆக, மூன்று நான்கு நாள் சம்பளம். இதைக் கொடுத்தால் திறைசேரி வற்றிவிடுமா?

அதையும் கேட்க வழியில்லை. என்னிடம் படிக்கும் பிள்ளையின் தாய் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், பயிர் எல்லாம் எழுதினோம். ‘காணி உரிமையாளர்’ என்ற கூட்டுக்கு வந்ததும் இருவரும் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தோட்டத்தின் பெயரை எழுதினால் நட்டம் தோட்டத்துக்குரியது. தன் பெயரை எழுதினால் உறுதி எங்கே என்பார்கள். வெறுமையாக விட்டுக் கொடுத்தார். திரும்பி வந்தது.

நிலம் அரசினுடையது. 1992இல் அதைக் கம்பனிகளின் கையில் கொடுத்து, 53 வருடக் குத்தகை எழுதினார்கள். அதற்குள் குடியிருந்த மனிதர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? 1948இல் குடியுரிமை போயிற்று; மிச்சமிருந்தவர்களுக்கும் அது கிடைக்க 2003 ஆயிற்று. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவும் சபைக்குக் கை கட்டியிருந்தது. வாக்கு வந்தது, பாதை வந்தது, காணி மட்டும் வரவில்லை.

“அவர்கள் சம்பளக்காரர்கள் அல்லவா, கமக்காரர்களா?” என்று ஹட்டனில் ஒரு நண்பர் கேட்டார். படித்தவர். அவருக்கு நான் சொன்னது: லீக்ஸ் நல்ல விலைக்குப் போகிற மாதத்தில் என் வகுப்பில் புதுச் சப்பாத்துகள் தெரியும். கறவை மாடு செத்த வீட்டுப் பிள்ளை இரண்டு கிழமை பள்ளிக்கு வராது. சம்பளம் அரிசிக்கும் மாவுக்கும் சரி. மீதியை அந்தத் துண்டு நிலம்தான் சுமக்கிறது.

இலக்கியக்காரர்களாகிய நாமும் இதில் தப்ப முடியாது. மலையகம் என்றால் நமக்குக் கொழுந்துக் கூடை, பனி, அட்டை. மரக்கறிப் பாத்தி கவிதைக்கு ஆகாத பொருள் போலும்! கல்முனை, சாய்ந்தமருது வாசகர்களுக்காவது இது விளங்க வேண்டும். சுனாமிக்குப் பின் 2005இல், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றபோது, தலைமுறையாக இருந்த மண்ணில் நாம் யார் என்று காகிதம் கேட்கவில்லையா?

காணியுரிமை பெரிய போராட்டம், அது நடக்கட்டும். அதுவரை அந்தப் படிவத்தில் ‘செய்கை பண்ணியவர்’ என்று இன்னொரு கூடு போடுங்கள். உறுதிக்குப் பதிலாகக் கிராம உத்தியோகத்தரும் பக்கத்து லயத்தார் இருவரும் ஒப்பமிடட்டும். பாடசாலை அதிபரின் ஒப்பமும் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமையிலும் பாடசாலையைத் திறந்து வைக்கலாம்.