ஸ்கேனருக்குக் கேட்காத சத்தம்

காலையில் காரை முடுக்கியதும் ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. சனிக்கிழமை பட்டறைக்குக் கொண்டுபோகிறீர்கள். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறார். திரையில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. “ஒன்னும் இல்ல அண்ணே, பழைய காடி, அப்படித்தான் இருக்கும்” என்கிறார். நீங்களும் நிம்மதியாக வீடு திரும்புகிறீர்கள். அந்த நிம்மதியில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

காரின் கணினி குறித்து வைத்திருப்பதைப் படித்துக் காட்டுவது மட்டுமே ஸ்கேனரின் வேலை. கணினிக்கோ உணரிகள் சொல்வதுதான் தெரியும். தேய்ந்துபோன பேரிங்கை அளக்கும் உணரி நாம் ஓட்டும் சாதாரணக் கார்களில் கிடையாது. ‘நாக் சென்சர்’ என்று ஒன்று உண்டு, உண்மைதான். ஆனால் அது காத்திருப்பது சிலிண்டருக்குள் பெட்ரோல் முறைதவறி வெடிக்கும்போது எழும் அதிர்வுக்கு. விநாடிக்குச் சுமார் 6,000, 7,000 முறை துடிக்கும் கூரிய ஒலி அது. அதைக் கேட்டால் கணினி தீப்பொறி விழும் நேரத்தைச் சற்று மாற்றிக்கொள்ளும். தளர்ந்த வால்வும் வழுக்கும் பெல்ட்டும் அதன் கணக்கில் வராது. ஆகவே, குறியீடு இல்லை என்பதற்காகக் கோளாறே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது? தாளத்தை வைத்துத்தான். கார் நின்ற இடத்திலேயே, கியரை ‘பி’யில் வைத்து ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். சத்தமும் கூடவே வேகமெடுத்தால் அது எஞ்சின் பக்கத்துச் சமாச்சாரம். கார் ஓடும்போது மட்டும் வந்து, வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கினால் டயரையும் வீல் பேரிங்கையும் சந்தேகப்படுங்கள். பாதி விசாரணை இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது இன்னும் சுவையானது. நம் கார்களின் எஞ்சினில் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால்தான், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு சுற்று சுற்றும். நின்ற நிலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்றால், தளர்ந்த வால்வு ஒன்று 400 முறை தட்டும். விநாடிக்கு ஆறேழு தட்டு. மேலிருந்து வரும் மெல்லிய ‘டிக் டிக்’. கிராங்க் பக்கத்துத் தேய்மானமோ பொதுவாக அதைப்போல் இரு மடங்கு வேகத்தில், அடியிலிருந்து கனத்த குரலில் தட்டும். சுமை ஏற ஏறப் பலமாகும். தைப்பூசத்தில் உருமி கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாமலா போகும்?

மெல்லிய சத்தம் என்றால் முதலில் எஞ்சின் எண்ணெயின் அளவைப் பாருங்கள். பல சமயம் குறைந்திருக்கும். கனத்த சத்தம் என்றால் தாமதிக்கவே வேண்டாம். கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அது அறுந்தால் உலோகத்தை உலோகம் தின்னும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஈப்போவிலிருந்து தெற்கே வரும் வழியில் இந்தச் சத்தம் கேட்டு, வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினார். தஞ்சோங் மாலிம் வருவதற்குள் கனெக்டிங் ராட் எஞ்சினைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இரவு நேரம், அவசரத் தடம், பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகள். செலவைப் பற்றி அவர் இன்றுவரை பேசுவதில்லை. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

எல்லாச் சத்தமும் இப்படி அச்சுறுத்துவதல்ல. மழை பெய்த காலையில் கிறீச்சிட்டுச் சிறிது நேரத்தில் நின்றுவிடுவது பெரும்பாலும் பெல்ட். என் பழைய காரில் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் சத்தம் வந்தது. ஒரு பட்டறையில் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னார்கள். இன்னொருவர் நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். பிறகு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். புகைக்குழாயின் வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருந்தது. குழாய்க்குப் போடும் வளையம் ஒன்றை வைத்து இறுக்கினார், தீர்ந்தது.

அவருக்கு நான் என்ன கொடுத்தேன் தெரியுமா? வளையத்தின் விலையும் ஒரு தே தாரேயும். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பாகத்தை மாற்றினால் ரசீது போடலாம். அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்டதற்கு நாம் காசு கொடுப்பதில்லை, கூலியிலும் பேரம் பேசுகிறோம். பிறகு மெக்கானிக் ஏன் கேட்கப் போகிறார்? ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பார். எங்கேயாவது சத்தம் நின்றால் அதுதான் கோளாறு என்பார். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் என்று நாம் கட்டும் பணத்தில் கால்வாசிகூட ஆகாது, அவருடைய அரை மணி நேரத்துக்கு.

அதனால் அடுத்த முறை கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனிக் கட்டணம் தருவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். சத்தம் எப்போது வருகிறது, குளிர்ந்த எஞ்சினிலா, மேடு ஏறும்போதா, ஏர்கோன் போட்டாலா என்று எழுதிக் கொண்டுபோங்கள். கைப்பேசியில் காணொளியாக எடுத்தும் காட்டலாம். காலையில் மட்டும் வரும் சத்தம் என்றால், முதல் நாள் மாலையே காரைப் பட்டறையில் விட்டுவிடுங்கள்; மறுநாள் முதல் முடுக்கத்தை அவரே கேட்கட்டும்.