சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்கு எந்தக் காப்பீடு?

விழுப்புரம் மாவட்டத்தில் இரண்டு ஏக்கரில் நெல் பயிரிடும் குடும்பம் அது. நெடுஞ்சாலையை ஒட்டிய சொந்த இடத்தில் ஓட்டுக் கொட்டகை போட்டு, வீட்டுப் பெண்கள் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ், அரிசி மூட்டைகள், பெஞ்சுகள் எல்லாம் வீண். கடன் கொடுத்த வங்கி பிடித்த காப்பீடு, கடனில் வாங்கிய கிரைண்டருக்கும் அடுப்புக்கும் மட்டும்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. இனி எந்தக் காப்பீடு எடுப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதியை அரசு ஏற்கிறது. கடைக் காப்பீட்டில் அந்த மானியம் இல்லை, முழு பிரீமியமும் கைக்காசு. ஆனால் பயிரைப்போல ஊரின் சராசரி விளைச்சலைப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கடையின் நஷ்டத்தை மட்டுமே அளப்பார்கள்.

ஒரே இடத்தில் உள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாயைத் தாண்டாத தொழில்களுக்கு, 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசி உள்ளது. தீ, சிலிண்டர் வெடிப்பு, இடி, புயல், வெள்ளம், வண்டி மோதுவது ஆகியவை இதில் அடங்கும். கட்டடம், சாமான்கள், மளிகை இருப்பு என மூன்றுக்கும் தனித்தனியே தொகை எழுத வேண்டும். கூரை ஓலையா, ஓடா, கான்கிரீட்டா என்பதையும் உள்ளபடி சொல்ல வேண்டும்.

பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதுவதுதான் பலர் செய்யும் தவறு. 4 லட்சம் ரூபாய்ச் சொத்தை 2 லட்சம் என்று எழுதினால், 1 லட்சம் நஷ்டத்துக்கு 50,000 ரூபாய் அளவுக்குத்தான் கணக்கிடுவார்கள். குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்தக் கழிவு இல்லை.

எதற்குக் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மின்கசிவில் பழுதான மோட்டாருக்குக் கிடைக்காது. அதிலிருந்து தீ பரவி எரிந்த மற்ற பொருள்களுக்குக் கிடைக்கும். மின்தடையால் ஃப்ரிட்ஜில் கெட்ட இறைச்சிக்குக் கிடைக்காது. புயல், தீ போன்ற விபத்தைத் தொடர்ந்து 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே இதில் இடமுண்டு. மற்றபடி பூட்டு உடைத்துத் திருடுவதற்குத் தனி பாலிசி வேண்டும். சாப்பாட்டால் வாடிக்கையாளருக்கு உடல்நலக் கேடு வந்தால் தரும் இழப்பீடும் தனி.

கடையில் வீட்டு உபயோகச் சிலிண்டர் வைப்பது விதிமீறல். விபத்து நடந்தால் அதைக் காட்டியே கோரிக்கையை நிராகரிக்கலாம். 19 கிலோ வணிகச் சிலிண்டரும் அதன் ரசீதும் கையில் இருக்கட்டும்.

சமையலாள், பரிமாறுபவர் காயமடைந்தால் ஈடு தரும் பொறுப்பு முதலாளியைச் சேரும்; அதற்கும் பாலிசி உண்டு. 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

நஷ்டம் நேர்ந்தால் சேற்றைக் கழுவும் முன் போட்டோ எடுத்து, அன்றே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சர்வேயர் பார்க்கும்வரை கெட்ட பொருளை வீசக் கூடாது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்தும் ஒரு மாதத்தில் முறையான பதில் வராவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை.

கடன் வாங்கிய எல்லோரும் இந்த வாரமே வங்கிக்குப் போய்ப் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பொருளுக்கு, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் படித்துப் பாருங்கள். விட்டுப்போனதை அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே சேர்த்துவிட வேண்டும்.