ஊதாத சங்கு!

ஓய்வெடுக்கச் சென்றவர்கள் பிணமாகத் திரும்பினர். செல்வம் கொழிக்கும் அமெரிக்க நாட்டிலே, டெக்சாஸ் மாநிலத்திலே, 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் விடியுமுன் நடந்த கொடுமை இது. அன்று வெள்ளிக்கிழமை, அந்நாட்டின் விடுதலைத் திருநாள். சனியும் ஞாயிறும் சேர, மூன்று நாள் விடுமுறை. கெர் வட்டாரத்திலே, குவாடலூப் ஆற்றங்கரையிலே, கூடாரம் அடித்தோர் பலர். குடில்களிலே குடும்பத்துடன் தங்கியோர் பலர். கோடை முகாம்களிலே பள்ளிச் சிறுமியர், நாளைய விளையாட்டை எண்ணியபடி உறங்கினர்.

பெய்தது பெருமழை. 45 நிமிடத்திலே 26 அடி உயர்ந்தது ஆறு! மாநிலத்திலே மாண்டோர் 130-க்கும் மேல். மிஸ்டிக் எனும் ஒரே முகாமிலே, சிறுமியரும் அவர்களைப் பேணிய இளம்பெண்களுமாக 27 பேர் மடிந்தனர்.

"இயற்கையின் சீற்றம்! எவரால் தடுக்க இயலும்?" என்று கைவிரித்தனர் ஆள்வோர். இயற்கைமீது பழி போடுவது எளிது, தோழர்களே! அது கூண்டிலேறி மறுத்துரைக்காதல்லவா? எனவே, அதன் சார்பிலே நாம் வழக்காடுவோம்.

ஆறு தன் குணத்தை மறைத்ததா? இல்லை. சுண்ணாம்புக் கல் மலைகள். மேலே மெல்லிய மண். பெய்த நீரை உறிஞ்ச வழியில்லை. பள்ளம் நோக்கிப் பாயும். திடீர் வெள்ளத்தின் சந்து என்றே அப்பகுதிக்குப் பெயர். 1987 ஜூலையிலே இதே ஆறு, முகாமிலிருந்து திரும்பிய பேருந்தினரை அடித்துச் சென்று, இளைஞர் 10 பேரைப் பலிகொண்டது. 38 ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்துவிட்டது ஆறு!

வானிலை அறிந்தோர் வாய்மூடி இருந்தனரா? அதுவும் இல்லை. 3-ஆம் நாள் பிற்பகலிலேயே, வெள்ளம் வரக்கூடும் என்றனர். நள்ளிரவு கடந்து 1.14 மணிக்குக் கடும் எச்சரிக்கை விடுத்தனர். குடில்களை ஆறு சுருட்டியது, ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான்! செய்தி வந்தது, ஆனால் உறங்கும் செவிக்கு அதைச் சுமந்துசெல்ல ஆளில்லை, கருவியில்லை.

"கைப்பேசிக்கு அனுப்பினோமே!" என்பர். மலையிடுக்கிலே எட்டாத கைப்பேசி! முகாமின் விதிப்படி, சிறுமியர் கையிலே இல்லவே இல்லாத கைப்பேசி!

வேண்டியிருந்தது என்ன? அபாயச் சங்கு. ஆலைவாயிலிலே நாம் அன்றாடம் கேட்ட சங்கு போல ஒன்று. ஆற்றின் மேற்பகுதியிலே நீரளக்கும் கருவிகள் சில. கெர் வட்டார மன்றத்தார் 2016-லேயே இதைப் பேசினர். ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவு! "அவ்வளவா?" என்று மலைத்தனர். 2017-லே மானியம் வேண்டி மனுப்போட்டனர், கிடைக்கவில்லை. கோப்பு உறங்கியது. 2021-லே கூட்டாட்சி அரசின் நிவாரண நிதி, ஒரு கோடி டாலருக்கு மேல், அதே மன்றத்தின் கைக்கு வந்தது. பெரும்பகுதி காவல் துறையின் வானொலிக் கருவிகளுக்கும் பிற செலவுகளுக்கும் சென்றது. காவலருக்குக் கருவி தருவது குற்றமென்று கூறோம். காவலர் பேசிக்கொள்ளப் பணம் உண்டு. கரையிலே உறங்கும் குழந்தையை எழுப்பப் பணம் இல்லையா என்றே கேட்கிறோம்!

அதே ஆற்றிலே, கீழ்த்திசையிலே, கம்ஃபர்ட் என்றோர் சிற்றூர். 1987-இன் துயரைக் கண்ட ஊர் அது. தன்னார்வத் தீயணைப்புப் படையினர் நிதி திரட்டிச் சங்கு அமைத்திருந்தனர். அன்று ஊதினர். மக்கள் மேட்டுக்கு ஏறினர். ஓருயிரும் போகவில்லை! "கீழே உள்ள ஊர், பகல் வெளிச்சம் கிடைத்தது, நேரமும் கிடைத்தது" என்பர் மறுப்போர். உண்மை, ஒப்புகிறோம். அந்த நேரத்தைப் பயன்படுத்த, அங்கே சங்கு இருந்தது. மேலே கிடைத்த நேரமோ, கேட்பாரற்றுக் கரைந்தது.

பொறுப்பு யாருடையது என்று நிருபர்கள் கேட்டபோது, ஆளுநர் கிரெக் ஆபட் கால்பந்தாட்டத்தை உவமை காட்டினார். பழி யார்மீது என்று பேசுவது தோற்றவர் பேச்சு என்றார். ஆட்டமா இது, ஆளுநரே? பந்தையா இழந்தார்கள் அந்தப் பெற்றோர்?

பின்னர் நடந்தது என்ன? 2025 செப்டம்பரிலே அதே ஆளுநர் சட்டங்களிலே கையொப்பமிட்டார். வெள்ளம் பாயும் இடத்திலே முகாம்க் குடில்கள் கூடாது. வெள்ள ஆபத்துள்ள பகுதிகளிலே சங்கு வேண்டும்! அன்று இல்லாத காசு இன்று எங்கிருந்து வந்தது? கருவூலத்திலே முன்பும் இருந்தது, கருத்திலேதான் இல்லை. உயிர் காக்க ஊதவேண்டியது ஒரு சங்கு. பாடையின் முன் ஊதுவது மற்றொன்று. முதலாவதற்குக் கணக்குப் பார்க்கும் அரசு, இரண்டாவதற்கு மக்களைத் தள்ளுகிறது.

"வசதி படைத்தோர் உல்லாசம் போனார்கள், நமக்கென்ன?" என்று எண்ணாதீர். வார ஓய்வு எவரும் வழங்கிய பிச்சையன்று. உழைப்போர் போராடிப் பெற்ற உரிமை. ஆற்றங்கரையிலே ஓரிரவு அச்சமின்றி உறங்குவதும் அதனுள் அடங்கும்.

நகராட்சியிலே, ஊராட்சியிலே அமரும் தோழர்களே! வரவு செலவுத் திட்டம் வரும்போது எழுந்து நில்லுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். நள்ளிரவு 1 மணிக்கு எச்சரிக்கை வந்தால் வாங்குபவர் யார்? உறங்குவோரை எழுப்புவது எது? எழுந்தவர் ஓடவேண்டிய மேடு எங்கே? விடை கிடைக்கும்வரை அமராதீர்! "பணமில்லை" என்று பதில் வந்தால், கெர் வட்டாரத்தின் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்: மிச்சம் பிடித்தது ஒரு சங்கின் விலை, செலவு எழுதியது சிறுமியரின் உயிர்!