மோட்டாரைத் திட்டாதீர்கள்

அமெரிக்காவில் குடியேறிய அக்கா மகன் இங்கிருந்து கொண்டுபோன லேத் மோட்டாருக்கு அங்கே இழுவை இல்லையாம். "கோயம்புத்தூர் சரக்கு அவ்வளவுதான்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்குத் தீர்ப்பு. அதில் இருவர் என்னிடமே அறிவியல் படித்தவர்கள்!

நேம் பிளேட்டை யாராவது பார்த்தீர்களா? 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட் பாதியானால் முறுக்குவிசை பாதியாகாது, கால்வாசிதான் மிஞ்சும். வேகம் ஏறாவிட்டால் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் விடுபடாது, ஸ்டார்ட்டிங் காயில் கருகும். இதற்குக் கண்டென்சரை மாற்றச் சொல்கிறார் ஒரு மேதாவி.

டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை ஏற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும், இழுவை சற்றுக் குறையும். அதற்குப் புல்லியை மாற்றிக்கொள்ளலாம். துணி உலர்த்தும் மெஷினுக்கென்று அங்கே பல வீடுகளில் 240 வோல்ட் லைனே இருக்கிறது. மாப்பிள்ளை, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிடு. மோட்டாரைக் குப்பையில் போட்டுவிடாதே.