குஞ்சோடு கூட்டைக் கலைப்பது துப்புரவு ஆகாது

மே மாதம் பிறந்ததும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், தமிழ்நாட்டை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் மழைக்கு முந்தைய துப்புரவு சூடுபிடிக்கிறது. வீட்டுக்குப் பின்னால் விறகுப் புரை, ரப்பர் ஷீட் அடிக்கும் புரை, மாட்டுத் தொழுத்தை ஒட்டிய சாய்ப்பு, பள்ளிக்கூடத்துப் பழைய ஓட்டுக் கொட்டகை, வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கும் பொது அறை என்று எல்லாவற்றையும் திறந்து தூசு தட்டுகிறார்கள். ஒட்டடைக் கம்பில் ஒட்டடையோடு பறவைக் கூடுகளும் சேர்ந்து கீழே வருகின்றன. சிலவற்றில் முட்டை இருக்கிறது. சிலவற்றில் கண் திறக்காத குஞ்சு கிடக்கிறது. குப்பையோடு குப்பையாக அள்ளித் தென்னை மூட்டில் கொட்டித் தீ வைக்கிறார்கள். தடுக்க வேண்டிய பொறுப்பில் உள்ளவர்களே முன்நின்று செய்விக்கும் இடங்களும் உண்டு. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். இனி ஒரு கோடையிலும் இது நடக்கக் கூடாது.

பறவைகள் நம் புரைகளைத் தேடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. ரப்பர் மரங்கள் தை, மாசியில் இலை உதிர்க்கின்றன. பால்வெட்டு நின்றுவிடுகிறது. ஷீட் அடிக்கும் மெஷின் ஓய்கிறது, புகைப்புரையில் தீ மூட்ட வேலை இல்லை. ஆள் நடமாட்டமற்ற அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் வண்ணாத்திக்குருவிக்கும் செம்மீசைச் சின்னானுக்கும் கூடு கட்டும் காலம் தொடங்குகிறது. விளைகளில் பொந்துள்ள பழைய மாவும் அயனிப் பலாவும் வெட்டுப்பட்டு ரப்பர் ஏறிய பிறகு, பொந்தில் முட்டையிடும் பறவைக்கு மிஞ்சியிருப்பது நம் ஓட்டின் இடுக்கும் சுவரின் ஓட்டையும்தான். அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டவர்கள் நாம். மழைக்கு முன் பால்வெட்டுக்கு ஆயத்தமாகும்போதும், ஜூன் முதல் நாள் பள்ளி திறக்கும் முன் கட்டடத் தகுதிச் சான்றுக்காக அவசர அவசரமாகக் கழுவும்போதும், கூட்டில் குஞ்சு இருக்கிறது. பறவையின் நாட்காட்டியும் நம் துப்புரவு நாட்காட்டியும் ஒரே மாதத்தில் மோதுகின்றன. தெரியாமல் நடந்துவிட்டது என்று இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. எந்த மாதத்தில் நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு சின்னான் கூட்டை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அதைத் தட்டிவிட மனம் வராது. கழுக்கோலில் தொங்கும் கயிற்றுச் சுருளுக்குள்ளோ, ஆணியில் மாட்டிய பழைய கடவத்துக்குள்ளோ, காய்ந்த வேரும் நாரும் கொண்டு ஒரு உள்ளங்கைக் குழி அளவுக்குக் கட்டியிருக்கும். சிலந்தி நூலை இழுத்துச் சுற்றி இறுக்கியிருக்கும். இளஞ்சிவப்பில் செம்புள்ளி தெறித்த இரண்டோ மூன்றோ முட்டை. குஞ்சு பொரித்த முதல் சில நாட்களில் அதற்கு இறகும் இல்லை, பார்வையும் இல்லை. கதவைத் திறக்கும் அதிர்வு பட்டால் போதும், தாய்தான் வந்தாள் என்று கழுத்தை நீட்டி வாயைப் பிளக்கும். மம்பட்டி எடுக்க நுழைகிறவனுக்கும் அதே வாயைத்தான் காட்டும். முட்டையிட்ட நாளிலிருந்து குஞ்சு பறக்கும் நாள்வரை எல்லாமாகச் சேர்த்து நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடுகிற காரியம் இது. வண்ணாத்திக்குருவிக்கும் மணிப்புறாவுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். ஒரு மாதம் பொறுக்க முடியாத அவசரம் நம் விறகுப் புரையில் என்ன இருக்கிறது?

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குச் சொல்லும் இலக்கணத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி எடுத்துக் காட்டுக்குள் போனால்தான் வேட்டை என்று நினைப்பவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை வாசிக்க வேண்டும். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வடிவில், பொதுவான மீறலுக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சின்னான், வண்ணாத்திக்குருவி, தேன்சிட்டு, புள்ளிப்புறா, ஆந்தை எல்லாம் இந்தச் சட்டத்தின் காவலுக்குள் வருபவை. கூரை என்னுடையது, புரை என்னுடையது என்ற வாதம் எடுபடாது. கூரை யாருடையது என்று சட்டம் கேட்கவில்லை, கூட்டில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறது. இது மத்தியச் சட்டம். எல்லைக்கு இப்பால் இஞ்சிவிளையில் பொருந்துவது அப்பால் தமிழ்நாட்டுக் களியக்காவிளையிலும் அப்படியே பொருந்தும்.

வயதான ஒரு அம்மா தன் சாய்ப்பைத் தூத்துவாரியதற்காக அவரைக் கோர்ட்டுப் படி ஏற்ற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவருக்கு இந்தச் சட்டத்தை யாரும் சொல்லித் தந்ததில்லை. நம் கோபம், தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பவர்கள் மீது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் மலப்புறம் மாவட்டம் வி.கே.படியில் தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்காக ஒரு மரத்தை அடியோடு சாய்த்தபோது, கிளைகளில் கூடுகட்டியிருந்த நீர்ப்பறவைகளின் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் தார்ச்சாலையில் விழுந்து செத்தன. அந்தக் காட்சிப் பதிவு நாடெங்கும் பரவியது. வனத்துறை வழக்குப் பதிந்தது, அமைச்சர் அறிக்கை கேட்டார். அங்கே கேமரா இருந்தது, அதனால் வழக்கும் வந்தது. பூட்டிய புரைக்குள் சாகிற மூன்று குஞ்சுக்குக் கேமரா இல்லை. ஆனால் குற்றம் ஒன்றுதான். எல்லைக் கிராமங்களில் எத்தனை புரை உண்டு, எத்தனை கூரை உண்டு என்று எண்ணிப் பார்த்தால், ஒரு கோடையில் நடக்கும் அழிவு ஒற்றை மரத்தில் நிற்காது என்பது விளங்கும்.

நோய் வரும், அதனால்தான் துப்புரவு என்கிறார்கள். டெங்குவும் எலிக்காய்ச்சலும் ஒவ்வொரு மழைக்கும் இந்த மண்ணில் உயிர் வாங்குகின்றன. துப்புரவு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் கொசு எங்கே முட்டையிடுகிறது? கவிழ்த்து வைக்காத ரப்பர் சிரட்டையில், அப்படியே போட்ட தேங்காய்த் தொண்டில், மொட்டை மாடியில் கிடக்கும் பெயிண்ட் டப்பாவில். உலர்ந்த கழுக்கோலில் இருக்கும் நார்க்கூட்டில் ஒரு கொசுகூடப் பொரியாது. விளை முழுக்கச் சிரட்டைகள் வாய்பிளந்து மழைநீர் ஏந்திக் கிடக்க, கூட்டைத் தட்டிவிட்டுத் துப்புரவு முடிந்தது என்று பதிவேட்டில் எழுதுவது மக்களை ஏய்ப்பது.

பாம்பு வரும் என்பது அடுத்த சாக்கு. முட்டையைத் தேடிச் சாரை வருவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாம்பை ஆண்டு முழுக்கப் புரைக்கு இழுப்பது எலி. எலியை இழுப்பது தரையில் குவித்த விறகும் கொதும்பும் மரச்சீனிக் கிழங்கும். விறகைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள், கிழங்கை மூடி வையுங்கள், பாதி அச்சம் தீரும். பேன், செள் பற்றிய கவலை நியாயமானது. குஞ்சு பறந்தபின் முகத்தை மூடிக்கொண்டு பழைய கூட்டை எடுத்துப் புதைத்து, இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவினால் அது முடிந்தது. எச்சம் விழாதிருக்கக் கூட்டுக்கு நேர் கீழே ஒரு பழைய சாக்கை விரித்தால் போதும்.

2023 ஜனவரியில் நம் மாவட்டத்து அழூர் ஊராட்சியில் பறவைக் காய்ச்சல் உறுதியாகிக் கோழியும் வாத்தும் அழிக்கப்பட்ட நாள் முதல் இன்னொரு சாக்கு சேர்ந்திருக்கிறது. அந்த நோய்க்குச் சொல்லப்பட்ட வழி, செத்த பறவையைத் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் தருவது. ஆரோக்கியமான சின்னானின் கூட்டைக் கைவைத்துப் பிய்ப்பது அந்த வழியில் எங்கும் வராது.

கூகையின் கதை இன்னும் கொடுமை. பாழடைந்த மச்சிலும் பழைய புரையிலும் குடியேறும் வெண்முகக் கூகை ஓரிரவில் இரண்டு மூன்று எலியைப் பிடிக்கும். மரச்சீனி விளைக்கும் தென்னைக்கும் இதைவிட நல்ல காவல் கிடையாது, கூலியும் கிடையாது. அதைச் சாவுக்குறி என்று கல்லெறிந்து விரட்டுபவர்கள் ஒருபுறம். லட்சக்கணக்கில் விலைபோகும் என்ற மோசடிப் பேச்சை நம்பிச் சாக்கில் கட்டிக் கடத்துபவர்கள் மறுபுறம். இதற்கு நடுவில், எலிக்கு வைத்த விஷத்தைத் தின்று தடுமாறும் எலியைப் பிடித்துக் கூகையும் சாகிறது. ஒட்டுப்பொறிப் பலகையைப் புரைத் தரையில் பரப்பி வைப்பவர்களுக்கும் சொல்கிறோம், அந்தப் பசையில் ஒட்டிக்கொண்ட வண்ணாத்திக்குருவியை இறகு பிய்யாமல் யாராலும் மீட்க முடியாது. கூடு இருக்கும் புரையில் ஒட்டுப்பொறியும் எலிவிஷமும் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

இரக்கத்தாலும் குஞ்சுகள் சாகின்றன. கீழே விழுந்த குஞ்சை எடுத்துப் பாலில் நனைத்த பிரெட் ஊட்டுகிறார்கள், சோறு திணிக்கிறார்கள். பூச்சி தின்று வளர வேண்டிய உயிர் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகிறது. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. மெதுவாக எடுத்து அதே கூட்டில் வையுங்கள். கூடு சிதைந்திருந்தால் சிரட்டையிலோ சிறு கூடையிலோ நார் வைத்து, அதே இடத்தில், அதே உயரத்தில் கட்டுங்கள். தாய் பெரும்பாலும் திரும்பி வரும். இறகு முளைத்துத் தத்தித் தத்தித் திரியும் குஞ்சுக்கு நம் உதவியே வேண்டாம். பூனையை மட்டும் கட்டி வைத்தால் போதும். கூட்டை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றி வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மாற்றிய கூட்டைத் தாய் தேடி வருவது அரிது.

பொறுத்துக்கொள்ள மக்களால் முடியாது என்று எந்த அதிகாரியும் சொல்ல வேண்டாம். 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் தெருவிளக்குப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. அது அடைகாத்துக் குஞ்சு பறக்கும்வரை அந்த ஊரார் ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கு எரிய விடாமல் இருட்டில் நடந்தார்கள். அவர்களால் தெருவையே இருட்டாக்கிக்கொள்ள முடிந்ததென்றால், மம்பட்டியையும் உரச்சாக்கையும் நான்கு வாரம் திண்ணையில் வைத்துக்கொள்ள நம்மால் முடியாதா?

கேரளத்துக்கு இதில் கூடுதல் கடமை இருக்கிறது. 1933-இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளை ஆராய வந்தபோது அதற்கு ஆதரவு தந்தவை அன்றைய சமஸ்தான அரசுகள். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மூலை முடுக்கெல்லாம் நடந்து நாட்டிலேயே முதல் மாநிலப் பறவை வரைபடத்தை இங்கே உருவாக்கினார்கள். பாம்பு புரைக்குள் வந்தால் பயிற்சி பெற்றவரை அழைக்க வனத்துறை ‘சர்ப்ப’ செயலியைத் தந்தது. அது நல்ல வேலை, பாராட்டுகிறோம். அந்த ஏற்பாட்டில் கால்பங்கு அக்கறை கூட்டுக்குக் காட்டினால் போதும்.

எனவே கேட்கிறோம். பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர், கொல்லயில், குன்னத்துகால் ஊராட்சிகளும் நெய்யாற்றின்கரை நகராட்சியும் மழைக்கு முந்தைய துப்புரவுக்கு அனுப்பும் சுற்றறிக்கையில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும்: புரையோ கூரையோ கட்டடமோ துப்புரவு செய்வதற்கு முன் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய்ய வேண்டும், கூடு காலியான பின் திரும்பி வந்து முடிக்க வேண்டும். தொழிலுறுதித் திட்டப் பணியாளருக்கு இதைப் பணி தொடங்கும் காலையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பள்ளிக் கட்டடத் தகுதிச் சான்று தரும் பொறியாளர், கூட்டைக் காரணம் காட்டிச் சான்றைத் தள்ளிப்போடக் கூடாது. பள்ளிகளும் ஓடு மாற்றும் வேலையைக் கோடையில் குவிக்காமல் ஆண்டின் இறுதி மாதங்களுக்கு நகர்த்த வேண்டும். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அமைந்திருக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வெறும் பெயர்ப்பலகையாக இருக்கக் கூடாது. கூடு பற்றிய சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஒருவரையாவது அது பொறுப்பாக்க வேண்டும். எல்லை வார்டுகளில் இந்த அறிவிப்பு மலையாளத்தோடு தமிழிலும் வர வேண்டும். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இந்த மாநிலத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே இடம் தந்திருக்கிறது.

தெரிந்தே கூடு அழிக்கும் ஒப்பந்ததாரர் மீதும் நிறுவனங்கள் மீதும் வனத்துறை வழக்குப் பதிய வேண்டும். எச்சரித்து அனுப்பும் பழக்கம் போதாது. புகைப்புரையில் முதல் தீ மூட்டும் முன் உள்ளே நின்று மேலே ஒருமுறை அண்ணாந்து பார்க்கும்படி ரப்பர் விவசாயிகளை அவர்களுடைய உற்பத்தியாளர் சங்கங்கள் கட்டாயப்படுத்த வேண்டும். அடுத்த ஏப்ரலில் வார்டு சுகாதாரக் குழுக்கள் கூடும்போது இந்தச் சுற்றறிக்கை எண்ணும் தேதியும் முத்திரையுமாக அவர்கள் கையில் இருந்தாக வேண்டும்.